பக்கத் தொட்டில் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் கட்டிலை அளந்து பாருங்கள்

பிரசவத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது தொட்டில் வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியைக் கிழித்து, இரண்டு மணி நேரம் ஸ்க்ரூ முறுக்கி, கட்டிலோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் நடுவில் நான்கு விரல் நுழையும் இடைவெளி. எங்கள் கட்டிலின் மரச்சட்டம் மெத்தையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டில் அந்தச் சட்டத்தில் போய் முட்டி நின்றுவிட்டது, மெத்தையைத் தொடவே இல்லை. பெட்டி கிழிந்துவிட்டதால் விற்றவர் திருப்பி எடுக்க மறுத்தார். ஒன்பதாம் மாதத்தில், நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், இரண்டாவது தொட்டில் தேடினேன்.

அந்தத் தேடலில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பக்கத் தொட்டில் என்று நான் சொல்வது, ஒரு பக்கச் சுவரை இறக்கிவிட்டுப் பெரியவர்கள் கட்டிலோடு பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டும் சிறு தொட்டில். குழந்தை கையெட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் அதற்கென்று தனி மெத்தை, தனி இடம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது: குறைந்தது முதல் ஆறு மாதம் குழந்தை பெற்றோர் அறையிலேயே தூங்கட்டும், ஆனால் அவர்கள் படுக்கையில் வேண்டாம்.

1. டேப்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போங்கள்

எல்லோரும் தொட்டிலின் நிறத்தையும் துணியையும் பார்த்து ஆரம்பிக்கிறோம். நீங்கள் உங்கள் கட்டிலில் இருந்து ஆரம்பியுங்கள். நான்கு அளவு வேண்டும், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் அளவு, தரையிலிருந்து மெத்தையின் மேல்பரப்பு வரை. இதை இரண்டு முறை எடுங்கள்: மெத்தை காலியாக இருக்கும்போது ஒருமுறை, ஓரத்தில் ஒருவர் படுத்திருக்கும்போது ஒருமுறை. எங்கள் மெத்தையில் நான் ஓரமாகப் படுத்தால் நாலு சென்டிமீட்டர் இறங்கிவிடும். இறக்கிய பக்கச் சுவரின் மேல்விளிம்பு உங்கள் மெத்தை மட்டத்தில் இருக்க வேண்டும். விளிம்பு மெத்தையைவிட உயர்ந்து நின்றால் குழந்தையின் கழுத்து அதில் சிக்க வாய்ப்பு உண்டு. மிகவும் தாழ்ந்துவிட்டால் உங்கள் போர்வையும் தலையணையும் வழிந்து தொட்டிலுக்குள் விழும். எத்தனை வித்தியாசம் வரை பரவாயில்லை என்று ஒவ்வொரு மாடலின் கையேட்டிலும் போட்டிருக்கும். தொட்டில் கால்களின் உயரத்தை ஐந்தாறு படிகளில் மாற்றலாம் என்பார்கள். உங்கள் அளவு அந்தப் படிகளில் ஒன்றோடு பொருந்துகிறதா, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். மெத்தைக்கு மேல் மெத்தை போட்டு உயர்த்தியிருக்கும் கட்டில் என்றால் பல மாடல்கள் எட்டவே எட்டாது.

இரண்டாவது அளவில்தான் நான் கோட்டை விட்டேன்: மெத்தை ஓரத்திலிருந்து கட்டில் சட்டம் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பது. மெத்தையும் சட்டமும் ஒரே கோட்டில் இருந்தால் கவலையில்லை. இரண்டு சென்டிமீட்டர் நீட்டினாலும், வாங்கும் முன் கையேட்டை வாங்கிப் படித்துவிடுங்கள்.

மூன்றாவது, கட்டிலுக்கு அடியில் உள்ள இடம். பெரும்பாலான பக்கத் தொட்டில்களின் அடிக்கால் கட்டிலுக்குக் கீழே நுழைந்துதான் நிற்கும். அடியில் சாமான் வைக்கும் பெட்டி வைத்த கட்டில் என்றால் கால் நுழையாது. கால் மடங்கும் மாடல்கள் இருக்கின்றன, ஆனால் கால் மடங்கிய நிலையில் பக்கத்தை இறக்கிப் பயன்படுத்தலாமா என்று தனியாகக் கேளுங்கள்.

நான்காவது, பக்கத்தில் காலி இடம். தொட்டிலின் அகலம் போக, அர்த்த ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நீங்கள் எழுந்து நடக்க வழி வேண்டும். ஜன்னல் திரையின் கயிறு, சார்ஜர் ஒயர், கேமராவின் ஒயர் எதுவும் தொட்டிலிலிருந்து ஒரு மீட்டருக்குள் தொங்கக் கூடாது.

தரையில் மெத்தை போட்டுப் படுப்பவர்களுக்கும், நீர் மெத்தை போல ஆடும் மெத்தையில் படுப்பவர்களுக்கும் பக்கத் தொட்டில் சரிவராது. நான்கு பக்கமும் மூடிய சிறு தொட்டிலை அருகில் வைத்துக்கொள்வதே நல்லது. அதில் எந்தக் குறையும் இல்லை. சொல்லப்போனால் இடைவெளித் தொல்லையே அதில் கிடையாது.

2. விலையை இரவுகளால் வகுத்துப் பாருங்கள்

பக்கத் தொட்டில் ஐந்து மாதம் ஓடினால் அதிகம். ஐந்து மாதம் என்றால் சுமார் 150 இரவுகள். விலையை 150-ஆல் வகுத்து வரும் எண் மனசுக்கு ஒப்புகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு எப்படியும் பெரிய தொட்டில் வாங்கத்தான் வேண்டும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

விலைச்சீட்டில் தெரியாத செலவுகள் சில இருக்கின்றன. அந்த மாடலுக்கே உரிய அளவில் குறைந்தது மூன்று விரிப்புகள் வேண்டும் (ஒன்று தொட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அர்த்த ராத்திரிக்கு). கட்டிலோடு கட்டும் பெல்ட் சில இடங்களில் தனியாக விற்கப்படுகிறது. அகலமான கட்டிலுக்கு நீளமான பெல்ட் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு யார் தலையில் என்பதையும் கேளுங்கள். பத்துப் பதினைந்து கிலோ பெட்டி அது.

மிச்சம் பிடிக்க வழியும் உண்டு. தொட்டிலோடு சேர்த்து விற்கும் ஓர மெத்தைகள், குட்டித் தலையணை, குழந்தை புரளாமல் அணை கட்டும் திண்டு, தலை உருண்டையாக வர வைக்கும் பள்ளத் தலையணை எதுவும் வேண்டாம். பணம் வீண் என்பதோடு முடியவில்லை, தூங்கும் குழந்தையின் மூக்கை மூடிவிடக் கூடிய பொருட்கள் இவை. திண்டு திண்டாக ஓரத்தில் கட்டும் மெத்தையின் விற்பனையை அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

3. காகிதங்களை வாங்கும் முன்பே பாருங்கள்

வாங்கிய பிறகு கையேட்டைப் படிப்பது என் பழைய பழக்கம். இந்த ஒரு பொருளுக்காவது மாற்றிக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் இணையதளத்தில் கையேடு இலவசமாகவே கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

லேபிளில் பாதுகாப்புத் தர எண் அச்சாகியிருக்கும். ஐரோப்பியத் தரம் என்றால் இ.என். 1130. அதன் 2019 பதிப்பு பக்கத் தொட்டில்களையும் உள்ளடக்கியது. அமெரிக்கத் தரம் என்றால் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2906. "சர்வதேசத் தரம்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் எந்த எண் என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். இன்னொன்று: நான்கு பக்கமும் மூடிய தொட்டிலாக மட்டும் சோதிக்கப்பட்ட ஒன்றைப் பக்கத் தொட்டில் என்று விற்பதும் நடக்கிறது. பக்கத்தை இறக்கிய நிலையிலும் சோதித்தார்களா என்பதுதான் கேள்வி.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பில், கையேடு, உத்தரவாத அட்டை, அப்புறம் லேபிளின் புகைப்படம். லேபிளில் மாடல் எண், தொகுதி எண், தயாரித்த தேதி மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். மெத்தையைப் போட்டுவிட்டால் லேபிள் அடியில் போய்விடும், அதனால் பொருத்தும்போதே எடுத்துவிடுங்கள். பெட்டியில் ஒரு பதிவு அட்டை இருந்தால் நிரப்பி அனுப்புங்கள். ஏதாவது குறை கண்டுபிடித்து அந்த மாடலைத் தயாரிப்பாளர் திரும்பப் பெற்றால் உங்களுக்குத் தகவல் வர அதுதான் வழி. விளம்பரத்துக்கு என்று நினைத்து நான் முதல் தடவை குப்பையில் போட்டேன்.

மாடல் பெயரை அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்திலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 'சேஃப்டி கேட்' தளத்திலும் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. திரும்பப் பெறப்பட்டவற்றில் பெரிய பிராண்டுகளும் இருக்கும், விலை உயர்ந்தவையும் இருக்கும்.

4. முடிந்தால் நேரில் போய்க் கை வைத்துப் பாருங்கள்

இணையத்தில் வாங்கினாலும் ஒருமுறை கடையில் தொட்டுப் பார்ப்பது நல்லது. பக்கத்தை இறக்கி ஏற்றிப் பாருங்கள், ஒரு கையால். இன்னொரு கையில் குழந்தை இருக்கும் என்பதை மறக்காதீர்கள். சிசேரியன் ஆனவர்களுக்குக் குனிந்து இரண்டு கையால் இழுக்கும் அமைப்பு முதல் சில வாரங்களுக்கு நரகம். ஜிப் வைத்த மாடல் என்றால் ஜிப்பின் சத்தத்தைக் கேளுங்கள். சிரிக்காதீர்கள். அரை மணி நேரம் தட்டித் தூங்க வைத்த பிள்ளை, சர்ர் என்ற ஒரு சத்தத்தில் கண்ணைத் திறக்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

வலைத்துணியைப் பாருங்கள். கண்கள் சிறியதாக, ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் விரலோ சட்டைப் பொத்தானோ மாட்டும். துணி தொய்வில்லாமல் விறைப்பாக நிற்க வேண்டும். மரக் கம்பி வைத்த தொட்டில் என்றால் கம்பிகளுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

பிறகு நான்கு மூலையையும் பிடித்து ஆட்டுங்கள். சக்கரம் இருந்தால் பூட்டிவிட்டு ஆட்டுங்கள். ஊஞ்சல் போல ஆடும் வசதி இருந்தால், கட்டிலோடு கட்டும்போது அதை அசையாமல் பூட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து வைக்கும் வசதியைக் கடைக்காரர் பெருமையாகக் காட்டுவார். பால் கக்கும் குழந்தைக்கு நல்லது என்பார். அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சாய்ந்த பரப்பில் குழந்தை சறுக்கி, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சு வழி அடைபடலாம். பால் கக்கும் குழந்தைக்கும் சமதரையாக மல்லாந்து படுப்பதுதான் பாதுகாப்பு என்கிறார்கள் குழந்தைநல மருத்துவர்கள். உங்கள் குழந்தைக்குத் தனிப் பிரச்சினை இருந்தால் மருத்துவர் சொல்லட்டும், கடைக்காரர் சொல்ல வேண்டாம்.

5. மெத்தை: வீட்டில் சண்டை வரும் இடம்

என் மாமியார் தொட்டில் மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "என்னம்மா இது, பலகை மாதிரி இருக்கு? பிஞ்சு முதுகு, வலிக்காதா?" பதில் சொல்லும் முன்பே அலமாரியிலிருந்து மெத்தென்ற ஒரு போர்வையை எடுத்து நாலாக மடித்து உள்ளே விரித்துவிட்டார். பாசத்தில் செய்வதுதான். நான் அவர் கையைப் பிடித்து அந்தப் போர்வை மேல் அழுத்தினேன். எடுத்த பிறகும் உள்ளங்கை அடையாளம் அப்படியே பள்ளமாக நின்றது. "அத்தை, இவ முகம் கவிழ்ந்தா இந்தப் பள்ளத்துலதான் மூக்கு இருக்கும்." போர்வை மறுபேச்சில்லாமல் அலமாரிக்குத் திரும்பியது.

சோதனை அவ்வளவுதான். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் மெத்தை உடனே பழைய வடிவத்துக்கு வர வேண்டும், அச்சு நிற்கக் கூடாது. தொட்டிலோடு வரும் மெத்தை மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும். அது சிக்கனம் இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். மெத்தை தடித்தால் பக்கச் சுவரின் உயரம் குறையும், துணிச் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் குழந்தை சிக்கும் பையும் உருவாகும். கூடுதல் மெத்தை வாங்காதீர்கள். மெத்தை கிழிந்துபோனால் அதே தயாரிப்பாளரிடமிருந்து அதே மாடல் மெத்தைதான்.

சுற்றிலும் விரல் விட்டுப் பாருங்கள். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்கு உரியதல்ல. விரிப்பு இறுக்கமாக, மூலைகளைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஆனால் துவைத்துச் சுருங்கி மெத்தையின் மூலையைத் தூக்குகிறது என்றால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

6. பழைய தொட்டில் கிடைக்கிறதா?

சொந்தத்தில் யாராவது கொடுப்பார்கள். வாங்கலாம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. லேபிள் இருக்க வேண்டும், கையேடு கிடைக்க வேண்டும், ஒரு ஸ்க்ரூகூடக் குறையக் கூடாது, பெல்ட்டும் பக்கிளும் அசலாக இருக்க வேண்டும். எனக்கு வந்த ஒன்றில் ஒரு பக்கிளுக்குப் பதில் கயிறு கட்டியிருந்தது. "ஒரு வருஷம் இதுலதான் தூங்கினான், ஒண்ணும் ஆகல" என்றார்கள். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன், கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை குறைந்தது.

ஒரு பக்கம் மேலும் கீழும் சறுக்கும் பெரிய மரத் தொட்டிலை யாராவது பக்கத் தொட்டிலாகப் பயன்படுத்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த வகையை அமெரிக்கா 2011 ஜூன் முதல் விற்பனையிலிருந்தே தடை செய்திருக்கிறது. ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கயிற்றால் கட்டிலோடு கட்டும் வீட்டுத் தயாரிப்பு யோசனைகளும் வேண்டாம்.

7. எந்த வாரத்தில் என்ன செய்வது

28-ஆவது வாரத்தில் அளவு எடுத்து மாடலை முடிவு செய்யுங்கள். 30 முதல் 32 வாரத்துக்குள் ஆர்டர். இரட்டைக் குழந்தை, அல்லது முன்கூட்டியே பிரசவம் ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இன்னும் நான்கு வாரம் முன்னதாக.

ஆர்டர் செய்யும் முன் ரிட்டர்ன் கெடு எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். பிரசவத்துக்கு என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் கெடு ஓடிவிடும். வந்த அன்றே பிரியுங்கள், ஆனால் கத்தரிக்கோலால் டேப்பை மட்டும் வெட்டி. முழுவதும் பொருத்தி, கட்டிலோடு சேர்த்துப் பார்த்து, திருப்தி ஆகும் வரை அட்டையும் தெர்மோகோலும் வீட்டில் இருக்கட்டும். பிரிக்கும்போது கைபேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள்; ஒரு போல்ட் குறைந்தால் வாதாட அதுதான் சாட்சி.

36-ஆவது வாரத்துக்குள் தொட்டில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும். புதிய துணி வாடை போகச் சில நாட்கள் ஜன்னலைத் திறந்து காற்றாட விடுங்கள்.

8. கட்டிலோடு கட்டும் நாள்

கையேட்டின் படங்களைப் பார்த்து மட்டும் செய்யாதீர்கள், எழுத்தையும் படியுங்கள். பெல்ட் கட்டிலின் எதிர்ப்பக்கம் வரை போக வேண்டுமா, சட்டத்தைச் சுற்றினால் போதுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டு பெல்ட் என்றால் இரண்டும் போட வேண்டும்.

இறுக்கிய பிறகு தொட்டிலைக் கட்டிலிலிருந்து விலக்கி வலுவாக இழுங்கள். நகர்ந்தால் அவிழ்த்து மறுபடி. நகரவில்லை என்றால் கணவரைக் கட்டிலில் ஏறி இரண்டு முறை புரளச் சொல்லிவிட்டு மறுபடி இழுங்கள். என் அனுபவத்தில் இரண்டாவது இழுப்பில்தான் குட்டு வெளிப்படும்: வழவழப்பான தரையில் கட்டிலே நகர்ந்திருக்கும், பெல்ட் தளர்ந்திருக்கும். கட்டில் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தது எங்களுக்குக் கைகொடுத்தது.

மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவில் இடைவெளி இருக்கவே கூடாது. இருந்தால் துண்டு, போர்வை, தலையணை வைத்து அடைக்காதீர்கள். அடைத்தது ராத்திரியில் நழுவும், அல்லது மேலே வரும். இரண்டுமே ஆபத்து. இடைவெளியைச் சரிசெய்ய முடியவில்லை என்றால் பக்கத்தை ஏற்றிப் பூட்டி, சாதாரணத் தொட்டிலாகப் பயன்படுத்துங்கள். அப்படியும் அது நல்ல தொட்டில்தான்.

9. தினமும் படுக்கும் முன்

பெல்ட்டை ஒரு இழு. இடைவெளி விழுந்திருக்கிறதா என்று விரலால் ஒரு தடவல். உள்ளே குழந்தையும் விரிப்பும் தவிர வேறு எதுவும் இல்லை என்று ஒரு பார்வை. முப்பது விநாடி ஆகும். மல்லாக்கப் படுக்க வையுங்கள், பகல் தூக்கத்துக்கும் அப்படியே. குளிருக்குப் போர்வை வேண்டாம், உடுத்திவிடும் தூக்கப்பை போதும். கொசுவலை போடுவதென்றால் அந்தத் தொட்டிலுக்கு என்றே தைத்த, தொய்யாத வலை.

நீங்கள் கட்டிலில் இல்லாத நேரத்தில் பக்கச் சுவர் மேலே ஏறியிருக்க வேண்டும். குளிக்கப் போகும் பத்து நிமிடத்துக்கும் இது பொருந்தும். எல்லோரும் தவறவிடுவது இதைத்தான், நானும் சேர்த்து.

பால் கொடுக்கும்போது தூக்கம் சொக்கும் என்று தோன்றினால் சோபாவில் உட்காராதீர்கள். சோபாவின் கைப்பிடிக்கும் மெத்தைக்கும் நடுவே குழந்தை சிக்கும் அபாயம் மிக அதிகம். தலையணைகளை ஒதுக்கிவிட்டுக் கட்டிலிலேயே கொடுங்கள், விழிப்பு வந்தவுடன் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

10. எப்போது நிறுத்துவது

கையேட்டில் எடை வரம்பு இருக்கும், பல மாடல்களில் ஒன்பது கிலோ. ஆனால் எடை வரும் முன்பே அசைவு வந்துவிடும். குழந்தை கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எழும்பப் பார்த்தாலோ, தானாக உட்கார்ந்தாலோ அன்றோடு சரி. புரள ஆரம்பித்தாலே நிறுத்தச் சொல்லும் கையேடுகளும் உண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. என் மகள் நான்கரை மாதத்தில் ஒரு காலை விடியும்போது கவிழ்ந்து, தலையைத் தூக்கி, பக்கச் சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அழகுதான், ஆனால் வயிற்றைக் கலக்கியது. பெரிய தொட்டில் அப்போது இன்னும் டெலிவரி வரவில்லை, அந்த வாரம் முழுக்கப் பக்கத்தை ஏற்றியே வைத்து, நானும் அவள் அப்பாவும் மாறி மாறி விழித்திருந்தோம். மூன்றாம் மாதம் முடியும்போதே பெரிய தொட்டிலை வாங்கிப் பொருத்தி வைத்துவிடுங்கள்.

பக்கத் தொட்டிலைக் கழற்றும்போது ஸ்க்ரூ, போல்ட், ஆலன் கீ எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு, அதையும் கையேட்டையும் பில்லையும் சேர்த்து மெத்தைக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்து வாங்கிப் போகிறவர் வந்தால் முதலில் கேளுங்கள், அவர் வீட்டுக் கட்டில் சட்டம் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று.